ஒரே யூசுஃப், மூன்று எழுத்துக்கூட்டல்: இந்தோனேசியப் பெயர்களைக் கட்டுரையில் கையாளும் முறை

2014 முதல் 2019 வரை இந்தோனேசியாவின் குடியரசுத் தலைவர் ஜோகோ விடோடோ, துணைத் தலைவர் யூசுஃப் கல்லா. ரோமன் எழுத்தில் இருவர் பெயருக்கும் முதலெழுத்து ‘ஜே’தான். முதலாமவர் பெயரில் அது ‘ஜோ’ என்று ஒலிக்கிறது, அடுத்தவர் பெயரில் ‘யூ’ என்று ஒலிக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்துத் தமிழாக்கினால் ‘ஜுசுப் கல்லா’ என்ற ஒருவர் பிறந்துவிடுவார். விடோடோவின் பெயர் 1972இல் வந்த முறைப்படி எழுதப்படுகிறது, கல்லாவின் பெயர் அதற்கு முந்தைய முறைப்படி. இதுதான் வித்தியாசம். இரண்டுமே இன்றைய அதிகாரபூர்வ வடிவங்கள் என்பதால், எது பழையது எது புதியது என்று யாரும் நமக்கு அடையாளம் போட்டுத் தரமாட்டார்கள்.

கலைக்களஞ்சியக் கட்டுரையோ வரலாற்றுக் குறிப்போ எழுத உட்காரும் எவரும் இந்தச் சிக்கலில் கால் வைத்தே ஆக வேண்டும். விதிகள் சில மணி நேரத்தில் பழகிவிடும். விதிக்கு அடங்காத பெயர்கள்தான் நேரத்தைத் தின்னும்.

தொடங்கும் முன் ஓர் ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் ‘டி’ என்றால் டெல்லியின் ரோமன் முதலெழுத்து. நெடிலாக ‘டீ’ என்றால் டோக்கியோவின் முதலெழுத்து. இரண்டெழுத்துச் சேர்க்கைகளை ‘டி-ஜே’, ‘ஓ-ஈ’ என்று இடையில் கோடிட்டுக் காட்டியிருக்கிறோம்.

மூன்று முறைகள், இரண்டு மாற்றங்கள்

இந்தோனேசிய மொழிக்கு அடிப்படையான மலாய் மொழியை ரோமன் எழுத்தில் எழுத 1901இல் டச்சு ஆட்சி ஓர் ஒழுங்கை வகுத்தது. அதை உருவாக்கிய அறிஞரின் பெயரால் அது வான் ஓப்ஹௌசன் முறை எனப்படுகிறது. டச்சுக்காரர் கண்ணுக்குப் பழகிய எழுத்துகளே அதில் உண்டு. டச்சு மொழியில் ‘ஓ-ஈ’ என்றால் ‘உ’, ‘ஜே’ என்றால் ‘ய’. ஆகவே சுராபாயா நகரின் பெயரில் ‘சு’ வரும் இடத்தில் ‘ஓ-ஈ’யும், ‘யா’ வரும் இடத்தில் ‘ஜே’யும் உட்கார்ந்தன. ‘ஜ’ ஒலிக்கு ‘டி-ஜே’, ‘ச்ச’ ஒலிக்கு ‘டீ-ஜே’ என்று இரட்டை எழுத்துகள் வந்தன.

முதல் மாற்றம் 1947 மார்ச்சில் வந்தது. புதிய குடியரசின் கல்வி அமைச்சர் சுவாண்டி கொண்டுவந்த அந்த முறை ‘ஓ-ஈ’யை நீக்கி ‘யூ’வை வைத்தது. சொல்லுக்கு நடுவே தொண்டையடைப்பு ஒலிக்கு இட்டுவந்த மேற்குறி போய் ‘கே’ வந்தது. வேடிக்கை என்னவென்றால், ‘ஓ-ஈ’யை ஒழித்த அந்த அமைச்சரின் பெயரையே இன்றும் பெரும்பாலான நூல்கள் ‘ஓ-ஈ’ போட்டுத்தான் அச்சிடுகின்றன.

இரண்டாம் மாற்றம் 1972 ஆகஸ்ட் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ‘செம்மைப்படுத்தப்பட்ட எழுத்துக்கூட்டல்’ என்று பொருள்படும் இந்தோனேசியச் சொற்றொடரின் சுருக்கமாக அதை ஈ-ஒய்-டி என்பார்கள். ‘டீ-ஜே’ போய் ‘சி’, ‘டி-ஜே’ போய் ‘ஜே’, தனி ‘ஜே’ போய் ‘ஒய்’, ‘என்-ஜே’ போய் ‘என்-ஒய்’, ‘எஸ்-ஜே’ போய் ‘எஸ்-ஒய்’, ‘சி-எச்’ போய் ‘கே-எச்’. ஆணையில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் சுகார்த்தோ தம் பெயரில் இருந்த ‘ஓ-ஈ’யைக் கடைசிவரை விடவில்லை.

யூசுஃப் என்ற பெயரை வைத்துப் பார்த்தால் மூன்று முறைகளும் பளிச்சென்று விளங்கும். 1901 முறையில் அது ஜே-ஓ-ஈ-எஸ்-ஓ-ஈ-எஃப். 1947 முறையில் ஜே-யூ-எஸ்-யூ-எஃப். 1972க்குப் பிறகு ஒய்-யூ-எஸ்-யூ-எஃப். கல்லாவின் பெயர் நடுவில் உள்ளது. 1978 முதல் 1983 வரை கல்வி அமைச்சராக இருந்த தாவூத் யூசுஃப் தம் பெயரை முதல் வடிவத்தில், 1901 முறையிலேயே எழுதிவந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈ-ஒய்-டி கற்பித்த அமைச்சகத்தின் தலைவர் அவர்! ஆகவே எழுத்தைப் பார்த்து ஒருவர் எந்தக் காலத்தவர் என்று முடிவுகட்டக் கூடாது.

தொடக்க நிலையில் அதிகம் நடக்கும் பிழை, ‘ஓ-ஈ’ மறைந்ததும் 1972இல்தான் என்று எழுதுவது. இரண்டு மாற்றங்களுக்கும் இடையே 25 ஆண்டு இருக்கிறது. அந்த இடைக்காலத்தில் அச்சான தாள்களில் ஒரு கலவை தெரியும்: பாண்டுங் நகரின் பெயரில் ‘யூ’ இருக்கும், ஜகார்த்தாவின் பெயரில் ‘டி-ஜே’ இருக்கும். 1955இல் நடந்த ஆசிய ஆப்பிரிக்க மாநாட்டு இந்தோனேசிய வெளியீடுகளில் இதைக் காணலாம். 1945 விடுதலைப் பிரகடனத்திலோ ‘ஜகார்த்தா’வுக்கு ‘டி-ஜே’, ‘மாதம்’, ‘ஆண்டு’ என்ற சொற்களுக்கு ‘ஓ-ஈ’. (ஆண்டு ‘05’ என்றிருக்கிறதே என்று திருத்தப் போக வேண்டாம், அது ஜப்பானிய ஆண்டு 2605.) பெயரை விட்டுவிட்டுச் சாதாரணச் சொற்களைப் பார்த்தால் தாளின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். டச்சு மொழித் தாளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதில் ‘ஓ-ஈ’ அந்த மொழியின் சொந்த எழுத்து.

2024இல் குடியரசுத் தலைவரான பிரபோவோ சுபியாந்தோவின் குடும்பப் பெயர் இந்த இடைக்காலத்துக்கு நல்ல மாதிரி. ‘ஜோயோஹாதிகுசுமோ’ என்று ஒலிக்கும் அந்தப் பெயரில் முதல் ‘ஜ’வுக்கு ‘டி-ஜே’, அடுத்த ‘ய’வுக்குத் தனி ‘ஜே’, ‘குசுமோ’வில் இரண்டு ‘யூ’. அப்படியே 1947 முறை. இதைத் தமிழில் ‘ட்ஜோஜோஹாதிகுசுமோ’ என்று எழுதினால் ஒரே பெயரில் இரண்டு பிழை.

யாருடைய எழுத்தை மதிப்பது?

1972 விதிகளை ஒட்டி வந்த வழிகாட்டி, ஆறு, மலை, தெரு போன்றவற்றின் பெயர்களைப் புதிய முறைக்கு மாற்றச் சொன்னது. ஆள்பெயர், சட்டப்படி பதிவான அமைப்பின் பெயர் ஆகியவற்றுக்குச் சிறப்புக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. நடைமுறையில் இந்த விலக்கு மிகப் பெரிய கதவாகிவிட்டது. ஊர்ப்பெயர்கள் ஏறக்குறைய முழுதும் மாறின. ஆள்பெயர்கள் அவரவர் விருப்பம். நிறுவனங்கள் பதிவேட்டில் உள்ளபடி.

கஜா மடா என்ற மஜாபாகித் பேரரசின் முதலமைச்சரைப் பற்றி எழுதும்போது இன்று ‘ஜே’ மட்டும் போதும். யோக்யகர்த்தாவில் 1949இல் நிறுவப்பட்ட, அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்துக்கோ ‘டி-ஜே’ கட்டாயம், அதுதான் அதன் பெயர். பாண்டுங்கின் பஜாஜாரன் பல்கலைக்கழகமும் இரண்டு இடத்தில் ‘டி-ஜே’ வைத்திருக்கிறது. அதே பெயருள்ள பழைய சுந்தா அரசைப் பற்றிய கட்டுரையில் அது வராது. மருத்துவர்கள் இருவர் பெயரில் இரண்டு பெரிய அரசு மருத்துவமனைகள் உண்டு. ஜகார்த்தாவில் உள்ள சிப்தோ மாங்குன்குசுமோ மருத்துவமனை முழுதும் புதிய எழுத்துக்கு மாறிவிட்டது. சுராபாயாவில் உள்ள சுதோமோ மருத்துவமனை ‘ஓ-ஈ’யை வைத்துக்கொண்டது. பிரதமராக இருந்த ஜுவாண்டா கர்த்தவிஜயா தம் பெயரை ‘டி-ஜே’ போட்டு எழுதினார். சுராபாயா விமான நிலையம் அவர் பெயரை ‘ஜே’ போட்டுத் தாங்குகிறது. போகோர் நகரப் பல்கலைக்கழகம் மறுபடி ‘டி-ஜே’. இதில் தர்க்கம் தேடினால் தலைதான் வலிக்கும். ஒவ்வொரு அமைப்பின் முகப்பிலோ இணையதளத்திலோ உள்ளதைப் பார்த்து எழுதுவது ஒன்றே வழி.

முதல் குடியரசுத் தலைவர் சுகர்னோ கொஞ்சம் தனி வகை. 1947 மாற்றத்துக்குப் பிறகு தம் பெயரை ‘யூ’ போட்டே எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். கையெழுத்தில் மட்டும் பள்ளியில் பழகிய ‘ஓ-ஈ’ நின்றுவிட்டது. ஆங்கில நூல்கள் பெரும்பாலும் ‘யூ’வைப் பின்பற்றுகின்றன. 1985இல் திறந்த ஜகார்த்தாவின் சுகர்னோ-ஹத்தா விமான நிலையத்தின் பெயரிலோ ‘ஓ-ஈ’. ஒரே கட்டுரையில் ஆளுக்கு ஒன்று, விமான நிலையத்துக்கு ஒன்று என்று வருவது பிழையாகாது. ஆளுக்கே இரண்டு வகை வந்தால்தான் பிழை.

வணிகப் பெயர்களையும் தொடக் கூடாது. ஊசி என்று பொருள்படும் ஜாரும் என்ற புகையிலை நிறுவனம் ‘டி-ஜே’யை விடாது. சம்பூர்ணா நிறுவனம் ‘ஓ-ஈ’யை விடாது, நம் காதுக்கு அந்தப் பெயர் எழுத்துக்கூட்டல் தெரியாமலே விளங்கிவிடுகிறது.

பெயர் மாற்றம் வேறு, எழுத்து மாற்றம் வேறு

இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் கட்டுரைகள் நிறைய. பத்தாவியா ஜகார்த்தா ஆனது பெயர் மாற்றம். அந்த ஜகார்த்தா ‘டி’யை இழந்தது எழுத்து மாற்றம். சுலாவேசியின் மக்காசார் 1971இல் உஜுங் பாண்டாங் ஆகி, 1999இல் திரும்பவும் மக்காசார் ஆனது. இதில் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பங்கில்லை. பாப்புவாவின் தலைநகர் ஹொலாண்டியா, கோத்தா பாரு, சுகர்னாபுரா என்று சட்டை மாற்றிக்கொண்டே வந்து ஜெயபுரா ஆயிற்று. அந்தக் கடைசிப் பெயர் மட்டும் முதலில் பழைய எழுத்திலும் பிறகு புதிய எழுத்திலும் எழுதப்பட்டது.

ஆள்களிலும் இப்படியே. கல்வியாளர் கி ஹஜார் தேவந்தாராவின் இயற்பெயர் சுவார்டி சூரியநிங்ராட். இதைப் பெயர் மாற்றம் என்று காலத்தோடு சொல்ல வேண்டும். ‘சுவார்டி’யை ‘ஓ-ஈ’ போட்டோ ‘யூ’ போட்டோ எழுதுவது வேறு கணக்கு. பெயர் மாறினால் வரலாறு பேசும் இடத்தில் அந்தக் காலத்துப் பெயரைச் சொல்லி, அடைப்புக்குறியில் இன்றைய பெயரைத் தரலாம். எழுத்து மட்டும் மாறியிருந்தால் 1920களைப் பற்றி எழுதினாலும் ஊருக்கு இன்றைய எழுத்தே போதும். பழைய எழுத்தைத் தூவுவது காலச்சுவை சேர்ப்பதாகத் தோன்றினாலும் வாசகரைக் குழப்பத்தான் செய்யும்.

ஜாவா மொழியின் ‘அ’வும் ‘ஒ’வும் இன்னொரு பொறி. ஜாவா மொழியில் சில இடங்களில் ‘அ’ என்று எழுதுவதை ‘ஒ’ போல ஒலிப்பார்கள். அதனால்தான் திபோநெகோரோ என்றும் திபாநெகாரா என்றும் ஒரே இளவரசரைக் காண்கிறோம். யோக்யகர்த்தா சுல்தான்களின் பட்டப்பெயர் ஹமெங்குபுவோனோ என்றும் ஹமெங்குபுவானா என்றும் வருகிறது. ‘சுகர்னோ’வின் கடைசி ‘ஓ’வும் இந்த வழியில் வந்ததே. இதற்கும் 1947, 1972 ஆகியவற்றுக்கும் தொடர்பில்லை. ‘பழைய எழுத்து’ என்று குறிப்பிடாமல் ‘மற்றொரு வடிவம்’ என்று குறிப்பது சரி.

தொடவே கூடாத பெயர்கள்

சீன வழி இந்தோனேசியரின் பெயர்கள் பெரும்பாலும் ஹொக்கியன் என்ற சீன மொழி வகையின் ஒலியை டச்சு வழக்கில் எழுதியவை. 1942இல் பிறந்து 1969இல் மறைந்த மாணவர் இயக்கச் செயற்பாட்டாளர் சு ஹொக் கீயின் பெயரில் உள்ள ‘ஓ-ஈ’யை ‘யூ’ ஆக்கினால் எந்த நூலகப் பட்டியலிலும் அவர் கிடைக்கமாட்டார். டச்சுக்காரர் பெயர்களுக்கும் இது பொருந்தும். ‘ஓ-ஈ’யைக் கண்டவுடன் மாற்றும் கை, டச்சுக் குடும்பப் பெயர்களையும் மாற்றிவைத்துவிடும்.

‘சி-எச்’ இன்னும் கள்ளத்தனமானது. இந்தோனேசியாவின் பழைய முறையில் அது தொண்டையில் உரசி வரும் ‘க’. கவிஞர் கைரில் அன்வர், வெளியுறவு அமைச்சராக இருந்த மொக்தார் குசுமாத்மஜா, குடியரசுத் தலைவராக இருந்த ஹபீபியின் முதற்பெயர் பக்காருதீன் எல்லாவற்றிலும் இந்த ஒலியே. ‘சைரில்’ என்றும் ‘மொச்தார்’ என்றும் எழுதினால் தவறு. கடலுக்கு அப்பால் மலாயாவிலோ 1972 வரை ‘சி-எச்’ என்பது ‘ச்ச’. இரு நாடுகளும் பேசி ஒன்றுபட்ட பிறகு அங்கும் இங்கும் ‘சி’ ஆயிற்று. சரவாக்கின் கூச்சிங் நகரம் போன்ற சில பெயர்கள் பழைய எழுத்தோடு நின்றுவிட்டன. ஆச்சே மாநிலத்தின் பெயர் பழைய ஆங்கில, மலாயா நூல்களில் ‘சி-எச்’ போட்டும், பழைய இந்தோனேசிய நூல்களில் ‘டீ-ஜே’ போட்டும், இன்று ‘சி’ மட்டும் போட்டும் இருக்கிறது. முதல் வடிவத்தை இந்தோனேசிய விதியில் போட்டுப் புரட்டினால் ‘ஆக்கே’ கிடைக்கும். எந்தக் கரையில் அச்சான நூல் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாற்றும் வரிசை

பழைய பட்டியல் ஒன்றைப் புதிய எழுத்துக்குக் கொண்டுவரும் வேலை வந்தால், வரிசை தப்பினால் எல்லாம் தப்பும். ‘டி-ஜே’யை முதலில் ‘ஜே’ ஆக்கி, பிறகு ‘ஜே’யை ‘ஒய்’ ஆக்கினால் ஜகார்த்தா ‘யகார்த்தா’ ஆகிவிடும். அந்த நகரின் துறைமுகம் தஞ்சுங் பிரியோக் பழைய முறையில் ‘என்-டி-ஜே’ கொண்டது. அங்கே ‘டி’ போனதும் ‘என்-ஜே’ மிஞ்சும். அடுத்த விதி அதைப் பிடித்து ‘தன்யுங்’ ஆக்கிவிடும். பஞ்சார்மாசின் நகருக்கும் இதே கதி.

சரியான வரிசை இது. முதலில் ‘சி-எச்’சை ‘கே-எச்’ ஆக்குங்கள். இதைக் கடைசிக்கு விட்டால், ‘டீ-ஜே’யிலிருந்து புதிதாகப் பிறந்த ‘சி’க்குப் பக்கத்தில் தற்செயலாக ‘எச்’ இருந்தால் அதுவும் சிக்கிக்கொள்ளும். அடுத்து ‘டீ-ஜே’, ‘டி-ஜே’ இரண்டையும் வேறெங்கும் வராத குறிகளாக (எண் 1, எண் 2 என்று வைத்துக்கொள்ளலாம்) மாற்றி மூடிவையுங்கள். இப்போது மிஞ்சியிருக்கும் எல்லா ‘ஜே’யையும் ‘ஒய்’ ஆக்கலாம். ‘என்-ஜே’, ‘எஸ்-ஜே’ இரண்டும் இதிலேயே தாமாகச் சரியாகும். பிறகு 1ஐ ‘சி’ ஆகவும் 2ஐ ‘ஜே’ ஆகவும் திறங்கள். ‘ஓ-ஈ’யை எந்தக் கட்டத்திலும் மாற்றலாம், மற்றவற்றோடு மோதாது. சோதித்துப் பார்க்க ‘விஜயா’ நல்ல பெயர். பழைய எழுத்தில் அதில் ‘டி-ஜே’யும் தனி ‘ஜே’யும் அடுத்தடுத்து வரும். முடிவில் ‘ஜே’யும் ‘ஒய்’யும் கிடைத்தால் வரிசை சரி; இரண்டு ‘ஒய்’ வந்தால் குறிகளை மூடாமல் விட்டிருக்கிறீர்கள்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிடக் கூடாது. பட்டியலில் ஏற்கெனவே புதிய எழுத்தில் உள்ள ஒரு ‘ஜே’ இருந்தால் அது ‘ஒய்’ ஆகிவிடும். கலப்பு எழுத்துள்ள பட்டியல்களே அதிகம் என்பதால், கணினி மாற்றியதை ஒவ்வொன்றாக மனிதக் கண் பார்க்க வேண்டும். கிடைக்கும் வடிவமும் தேடலுக்குத்தான் உதவும். கட்டுரையில் போடும் வடிவத்தை அந்த ஆளோ அமைப்போ பயன்படுத்திய எழுத்துதான் தீர்மானிக்கும்.

தமிழில் எழுதும்போது

ஒலியைப் பிடித்துவிட்டால் தமிழில் மூன்று எழுத்துக்கூட்டலும் ஒரே வடிவத்தில் வந்து அடங்கிவிடும். யூசுஃப் மூவரும் நமக்கு யூசுஃப்தான். ஆங்கிலக் கட்டுரையாளருக்கு இல்லாத வசதி இது. நம் தொல்லை வேறிடத்தில்: இந்தோனேசிய ‘எஸ்’, ‘சி’ இரண்டுக்கும் நம்மிடம் ‘ச’ ஒன்றே. சொல்லின் நடுவில் ‘ச்ச’ என்று இரட்டித்தோ ‘ஞ்ச’ என்று மெல்லினம் சேர்த்தோ ‘சி’யைக் காட்டலாம்: ஆச்சே, பஞ்சசீலா. சொல் முதலில் அது முடியாது. சிரெபோன், சிலாச்சாப் போன்ற ஊர்களை ஆங்கிலம் அறிந்தவர் ‘ஸி’ என்று படிப்பார். முதல் முறை வரும் இடத்தில் ‘சக்கரம் என்ற சொல்லை வல்லினமாக ஒலிப்பது போல’ என்று ஒரு குறிப்பு போட்டால் போதும், பிறகு மறந்துவிடலாம். ‘எஸ்’ஸுக்கு ‘ஸ’ போட்டு வேறுபடுத்துவோரும் உண்டு. அப்படிச் செய்தால் கட்டுரை முழுதும் செய்ய வேண்டும், சுகர்னோவும் ‘ஸுகர்னோ’ ஆக வேண்டும்.

யோக்யகர்த்தாவில் மட்டும் ஒலியும் எழுத்தும் பிரிகின்றன. அதிகாரபூர்வ எழுத்து ‘ஒய்’. ஊர்க்காரர் வாயில் அது ‘ஜோக்ஜா’. ‘ஒய்’யை ஒட்டிய வடிவம் தமிழில் ஊன்றிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம். ஊர்க்காரர் சொல்லும் வடிவத்தை ஒருமுறை சொன்னால் போதும்.

கட்டுரையின் முதல் வாக்கியத்தில், தமிழ்ப் பெயருக்கு அடுத்து, ஆள் பயன்படுத்திய ரோமன் வடிவத்தையும், வேறாக இருந்தால் புதிய வடிவத்தையும் ஒரே ஒருமுறை தாருங்கள். பிறகு முழுதும் தமிழ் வடிவம். நூல்தலைப்பு, இதழ்ப்பெயர், மேற்கோள் ஆகியவற்றில் அச்சில் உள்ளபடியே விடுங்கள். 1908இல் தோன்றிய புடி உத்தோமோ அமைப்பை இன்றைய எழுத்தில் குறித்தாலும், அது அன்று வெளியிட்ட தாளின் தலைப்பில் ‘ஓ-ஈ’ இருந்தால் அது அப்படியே நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் அந்தத் தாளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தேடலுக்கு மூன்று வடிவம் போதும். மருத்துவர் சிப்தோவைத் தேட வேண்டுமென்றால் முதலில் ‘டீ-ஜே’யும் ‘ஓ-ஈ’யும், அடுத்து ‘டீ-ஜே’யும் ‘யூ’வும், கடைசியாக ‘சி’யும் ‘யூ’வும். பழைய நூல்களின் பெயரடைவில் அவர் ‘டீ’ வரிசையில் இருப்பார், புதியவற்றில் ‘சி’ வரிசையில். இரண்டு இடத்தையும் புரட்டாமல் ‘குறிப்பு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். சுகர்னோ, சுகார்த்தோ போன்றோருக்கு ஒற்றைப் பெயர்தான். அதைத் தலைகீழாக்கி, காற்புள்ளி போட்டு, இல்லாத முதற்பெயரைத் தேட வேண்டியதில்லை.